அடகுக்கு ஆகாத திரிகை



உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சட்டம் வருகிறது. கடன் கொடுத்தவர், வாங்கியவர் வீட்டுத் திரிகையை அடகாகப் பிடிக்கக் கூடாது. அடிக்கல்லையும் தொடக் கூடாது, மேற்கல்லையும் தொடக் கூடாது. இரண்டில் ஒன்று போனாலே மாவு அரைபடாது. மாவு இல்லையென்றால் அன்றைக்கு அப்பம் இல்லை. அந்தக் கல்லை எடுப்பவர் ஒரு மனிதனின் ஜீவனையே அடகாக எடுக்கிறார் என்று சட்டமே காரணமும் சொல்லிவிடுகிறது.

காஞ்சிபுரத்தில் திரிகையின் இடத்தில் தறி இருக்கிறது. பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் பழைய நெசவு வீடுகளின் அமைப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வீட்டின் நல்ல இடம் தறிக்குத்தான். மனிதர்கள் மிச்ச இடத்தில் படுத்துக்கொள்வார்கள். தரையில் குழி, குழிக்குள் நெசவாளியின் கால்கள், தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியும் அதில் கோத்த அட்டைகளும், முன்னே நீளும் பட்டுப் பாவு. ஒரு பாவில் வழக்கமாக மூன்று சேலை வரும். சேலை இறங்கிய பிறகுதான் கூலி. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறும், பட்டிழை தளரும், தறி நிற்கும். தறி நின்றாலும் அடுப்பு நிற்க முடியாது. அந்த நாட்களில்தான் நெசவாளி முதலாளி வீட்டுத் திண்ணைக்குப் போகிறார். முன்பணம் வாங்குகிறார்.

கிறிஸ்தவ விசுவாசம் பணத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்ற கேள்விக்குப் பிரசங்க மேடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், கடன்பட்டவருக்கான புத்திமதி. வரவுக்குள் செலவு செய்யுங்கள், ஆடம்பரம் வேண்டாம், ஜெபியுங்கள், காணிக்கையைத் தவறாமல் கொடுங்கள். இவை தவறான அறிவுரைகள் அல்ல. கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் எச்சரிக்கிறது. வாங்கியதைத் திருப்பித் தராதவனைச் சங்கீதம் துன்மார்க்கன் வரிசையில் வைக்கிறது. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று இயேசுவே கேட்கிறார். ஆனால் மோசேயின் சட்டங்களைத் திறந்து கடன், கூலி, அடகு பற்றிய பகுதிகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவை முகம் பார்த்துப் பேசுவது கொடுத்தவரிடம். ஏழையிடம் வட்டி வாங்காதே. போர்வையை அடகாக எடுத்திருந்தால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடு. அவனுக்குப் படுக்க வேறு துணி இல்லை. கூலியை அன்றன்றே கொடு. அவன் அதை நம்பி இருக்கிறான். ஏழாம் ஆண்டு கடனை விட்டுவிடு. கை ஓங்கியவரின் கையைப் பிடித்து நிறுத்தும் சட்டங்கள் இவை. நம் சபைகளில் இந்தப் பக்கம் குறைவாகவே வாசிக்கப்படுகிறது. வாசிக்க வேண்டிய ஊர் ஒன்று உண்டென்றால் அது காஞ்சிபுரம்.

ஏன் என்பதற்கு முன்பணத்தின் நடைமுறையைப் பார்க்க வேண்டும்.

முதலாளி பட்டும் ஜரிகையும் தருகிறார். பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருவது, ஜரிகை சூரத்திலிருந்து வருவது. இரண்டையும் சொந்தக் காசில் வாங்கும் சக்தி சாதாரண நெசவாளிக்குக் கிடையாது. ஆகவே அவர் கூலிக்கு நெய்கிறார். தறி போடும்போதே ஒரு தொகை முன்பணமாகக் கைமாறும். பிறகு பிரசவம், காது குத்து, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு, மகளின் கல்யாணம் என்று தொகை ஏறும். பல இடங்களில் இதற்கு வட்டி என்று தனியாகப் பேச்சே இருக்காது. வட்டி வாங்காதவர் நல்லவர்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பணம் தீரும்வரை நெசவாளி வேறு முதலாளியிடம் தறி மாற்ற முடியாது. கூலி குறைவு என்று வாதாடவும் முடியாது. வேறொருவர் அந்தத் தொகையை அடைத்து அவரை அழைத்துக்கொண்டால் கடன் அப்படியே புது முதலாளியின் நோட்டுக்குப் போகும்; ஆள் மாறுவார், கட்டு மாறாது. உழைப்பை விற்க வேறு கடைக்குப் போகும் உரிமையே இங்கே அடகாகிவிடுகிறது. முதலாளிகளில் இரக்கமுள்ளவர்கள் உண்டு, நோட்டைக் கிழித்துப் போட்டவர்களும் உண்டு. நெசவாளி பணத்தை வாங்கிக்கொண்டு ஊரைவிட்டே போய்விட்டதால் நொடித்த சிறு முதலாளிகளும் உண்டு. ஆனாலும் ஏற்பாட்டின் சாய்வு யார் பக்கம் என்பதில் ஐயமில்லை.

அந்தச் சாய்வு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்குக் குழந்தைகள் சாட்சி. காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இழையோடு இழை பிணைந்திருக்கும். அதற்கு மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். இரண்டை நெசவாளி ஓட்டுவார். மூன்றாவதை ஓட்டப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த இடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்களும் சிறுமிகளும் உட்கார்ந்தார்கள். சொந்தப் பிள்ளை என்றால் அதைக் குடும்பத் தொழில் என்று சொல்லிக்கொண்டோம். நெசவு செய்யாத குடும்பங்களோ சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்குப் பிள்ளையை அடுத்தவர் தறிக்கு அனுப்பின. கடன் அப்பாவுடையது, அதை அடைக்கும் விரல்கள் பிள்ளையுடையவை. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1996இலும், பட்டுத் தொழிலை மட்டுமே எடுத்துக்கொண்டு 2003 ஜனவரியிலும் வெளியிட்ட அறிக்கைகளில் காஞ்சிபுரம் இடம் பெற்றது. நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை செய்த பிள்ளைகளைப் பற்றி உலகமே வாசித்தது.

இதே கதை வேதாகமத்தில் இருக்கிறது. 2 இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தில் ஒரு விதவை எலிசாவிடம் ஓடி வருகிறாள். கணவன் தேவபக்தி உள்ளவன், இறந்துவிட்டான், கடன் மிச்சம். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நிற்கிறான். ஞாயிறு பள்ளியில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது எண்ணெய் பெருகிய அற்புதம். அந்த அற்புதத்துக்குப் பின் தீர்க்கதரிசி சொன்ன வரிசையைக் கவனிக்க வேண்டும்: எண்ணெயை விற்று முதலில் கடனை அடை, மீதியில் நீயும் பிள்ளைகளும் ஜீவனம் பண்ணுங்கள். பிள்ளைகள் வீட்டிலேயே இருந்தார்கள் என்பதுதான் அந்தக் கதையின் முடிவு.

நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம் இன்னும் கூர்மையானது. எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே மக்கள் கூச்சலிடுகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தை அடகு வைத்தோம், ராஜாவுக்கு வரி கட்டக் கடன் வாங்கினோம், இப்போது மகன்களும் மகள்களும் அடிமைப்பட்டுப் போகிறார்கள், மீட்க வழியில்லை என்கிறார்கள். பிடித்து வைத்திருந்தவர்கள் அந்நியர்கள் அல்ல. சொந்தச் சகோதரர்கள், ஒரே ஆலயத்தில் தொழுகிறவர்கள். நெகேமியா கோபப்படுகிறார். தானும் தன் ஆட்களும் கடன் கொடுத்தவர்கள்தான் என்பதையும் அதே மூச்சில் ஒப்புக்கொள்கிறார். நிலத்தையும் வீட்டையும் திருப்பிக் கொடுங்கள், வாங்கிய நூற்றுக்கு ஒன்றையும் திருப்பிக் கொடுங்கள் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கிறார். ஆசாரியர்களை அழைத்துச் சத்தியம் வாங்குகிறார். மதில் வேலை இருக்கிறது, இது அப்புறம் ஆகட்டும் என்று அவர் தள்ளிப் போடவில்லை. ஆலயக் கட்டட நிதி திரட்டும் சபைகள் இந்த அதிகாரத்தை நிதிக்குழுக் கூட்டத்தில் வாசிப்பது நல்லது.

நம் நாட்டிலும் இப்படி ஒரு சட்டம் வந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடன் அனைத்தும் செல்லாது என்று அறிவித்தது. செல்லாமல் போன கடனுக்காகப் பணம் வாங்குவதும் குற்றம் என்றது. லேவியராகமத்தின் ஐம்பதாம் ஆண்டு யூபிலியில் எக்காளம் ஊதி விடுதலை கூறச் சொன்னதை ஒரு மதச்சார்பற்ற நாடாளுமன்றம் சட்ட மொழியில் எழுதியது என்றே சொல்லலாம். மீட்கப்பட்டவருக்கு மறுவாழ்வுத் தொகையும் உண்டு. 2016இல் திருத்திய மத்தியத் திட்டத்தின்படி ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம் ரூபாய். சட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு மாவட்ட ஆட்சியருடையது. நம் மக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? ஞாயிறு அறிவிப்புகளில் ஒரு நிமிடம் ஒதுக்கினால் போதும்.

தறியில் குழந்தைகள் பிறகு வெகுவாகக் குறைந்தார்கள். சிறப்புப் பள்ளிகள், அதிகாரிகளின் சோதனை, தொண்டு நிறுவனங்களின் உழைப்பு, மதிய உணவு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள் வந்ததும் இளைஞர்கள் கம்பெனி பேருந்தில் ஏறிவிட்டார்கள். இன்று தறியில் குனிந்திருப்பவர்களில் பலருக்கு நரைத்த தலை.

கடனின் முகமும் மாறியிருக்கிறது. முதலாளியின் நோட்டு ஒருபுறம் இருக்க, குழுக் கடன், நகைக் கடன், செல்போன் செயலிக் கடன், தண்டல் என்று ஒரே வீட்டுக்கு நான்கு வாசல் வழியாகக் கடன் வருகிறது. திங்கள்கிழமை ஒரு தவணை, வியாழக்கிழமை இன்னொன்று. ஒன்றைக் கட்ட மற்றொன்றில் வாங்குகிறார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி எல்லாவற்றையும் தமிழக அரசு 2003இலேயே தடை செய்தது. தடைக்குப் பிறகும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையைச் சொல்லி ஒரு குடும்பமே தீக்குளித்து மாண்டது. பிள்ளைகள் இருவரும் சின்னஞ்சிறு குழந்தைகள்.

ரிசர்வ் வங்கி 2022இல் நுண்கடனுக்கு விதிகள் வகுத்தபோது, ஒரு குடும்பம் கட்டும் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றது. நேரங்கெட்ட நேரத்தில் தொலைபேசியில் தொல்லை கொடுப்பதையும், உறவினரையும் உடன் வேலை செய்பவர்களையும் இழுத்து அவமானப்படுத்துவதையும் தடுத்தது. உபாகமத்தின் அதே 24ஆம் அதிகாரத்தில், கடன் கொடுத்தவர் அடகுப் பொருளை எடுக்க வாங்கியவர் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்றிருக்கிறது. வெளியே தெருவில் நிற்க வேண்டும். கடன்பட்டவரே உள்ளிருந்து எடுத்து வந்து தருவார். கடன்பட்டவனுக்கும் வாசற்படி உண்டு, அதற்கு மரியாதை உண்டு. வசூலுக்கு வந்து அடுப்படி வரை போய் நிற்கும் ஆளை, அவர் ஞாயிற்றுக்கிழமை எந்த ஆலயத்தில் பாடினாலும், வேதம் வெளியே தெருவில் நிறுத்துகிறது.

இப்படிக் கண்டித்துவிட்டுப் போவது எளிது. நியாயமான கடனுக்கு வழி என்ன என்று கேட்டவர்களும் கிறிஸ்தவர்களிடையே இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்தக் காஞ்சிபுரத்துக்கும் தொடர்பு உண்டு.

ஜெர்மனியின் வெஸ்டர்வால்ட் மலைப்பகுதியில் ஃப்ரீட்ரிக் வில்ஹெல்ம் ரைஃபைசன் என்றொருவர் இருந்தார். 1818இல் பிறந்தவர். ஏழை விவசாயிகள் வாழ்ந்த ஒரு கிராம வட்டாரத்துக்கு 1845இல் மேயராகப் போனார். அடுத்த ஆண்டே பஞ்சம். ஊரார் சிலரைச் சேர்த்து நிதி திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, மக்களுக்குக் கடனாகக் கொடுத்தார். பிறகு வேறு ஊர்களில் கால்நடைக் கடனுக்கும் வட்டிக்கடைக் கடனுக்கும் மாற்றாகச் சங்கங்கள் அமைத்தார். அவை வசதி படைத்தவர்களின் தருமத்தில் ஓடியவை. சில ஆண்டுகளில் கொடுப்பவர்களுக்குக் கொடுத்துச் சலித்துவிடுகிறது என்பதைக் கண்டார். அயலானை நேசி என்ற கட்டளையை விடாமல், அதைத் தருமத்திலிருந்து கூட்டுப் பொறுப்புக்கு மாற்றினார். 1864இல் ஹெடஸ்டார்ஃப் ஊரில் தொடங்கிய கடன் சங்கத்தில் கடன் வாங்குபவர்களே உறுப்பினர்கள், உறுப்பினர்களே உரிமையாளர்கள். பரப்பு சிறியது; ஒருவரை ஒருவர் அறிந்த ஊர் அளவுதான். நிலப் பத்திரம் கேட்கவில்லை. ஆளின் நாணயமும் அயலாரின் ஜாமீனும் போதும். ஒருவர் கட்டத் தவறினால் எல்லோரும் பொறுப்பு. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. லாபத்தைப் பங்கு போடாமல் பொது நிதியில் சேர்த்தார்கள். கண்பார்வை மங்கி வேலையை விட்ட பின்னும் மகளின் துணையோடு இதைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தார்.

சென்னை மாகாண அரசு, உழவர்களின் கடன் தொல்லைக்கு வழி தேட ஃப்ரெடரிக் நிக்கல்சன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரியை அமர்த்தியது. அவர் ஐரோப்பிய முறைகளையும் இங்கிருந்த நிதிகளையும் ஆராய்ந்து 1895, 1897 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக அறிக்கை தந்தார். அத்தனை பக்கங்களின் சாரமாக அவர் சொன்னது, ரைஃபைசனைக் கண்டுபிடியுங்கள் என்பதுதான். 1904இல் இந்தியக் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரிலேயே, இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவானது.

ஏகாம்பரநாதரும் வரதராசரும் காமாட்சியும் குடிகொண்ட ஊர் இது. மணிமேகலை அமுதசுரபியோடு வந்து பஞ்சத்தில் வாடியவர்களுக்குச் சோறு போட்டதாகக் காவியம் சொல்லும் ஊர். ஜெர்மன் கிராமம் ஒன்றில் சுவிசேஷம் படித்த மனிதர் கண்ட முறை இந்த மண்ணிலும் வேர் பிடித்தது. அதை இங்கே நடத்தக் கிறிஸ்தவராக இருக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. விசுவாசத்திலிருந்து பிறந்த ஒரு நியாயம், பிறந்த வீட்டு முகவரி கேட்காமல் எல்லோருக்கும் பயன்பட்டது. கிறிஸ்தவர்கள் இதில் மகிழ வேண்டும். உரிமை கொண்டாட வேண்டியதில்லை.

சேலத்தில் 1876இல் பிறந்த கே.டி. பால் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். தேசிய மிஷனரி சங்கத்திலும் பிறகு ஒய்.எம்.சி.ஏ.விலும் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஏழைக் குடியானவர்கள் பண்ணையாரின் கடனில் கட்டுண்டு கிடக்கையில், அவர்களுக்கு ஞாயிறு ஆராதனை மட்டும் போதாது என்று கண்டார். 1913 முதல் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் பணியில் கூட்டுறவுக் கடன் சங்கத்தை மையமாக வைத்தார். ராஞ்சிப் பக்கத்தில் ஹாஃப்மன் என்ற இயேசு சபைக் குருவானவர் 1909இல் பழங்குடியினருக்காகக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். அதற்கும் வெகு முன்னால், 1746இல், ஜான் வெஸ்லி லண்டனில் பணம் திரட்டி ஏழைத் தொழிலாளிகளுக்கு வட்டியில்லாமல் சிறு கடன் கொடுத்தார். மூன்று மாதத்தில் திருப்பித் தர வேண்டும், அவ்வளவே. இந்த மூவரும் பிரசங்கமும் செய்தார்கள், கணக்குப் புத்தகமும் வைத்திருந்தார்கள்.

கூட்டுறவு என்று பலகை மாட்டினால் நேர்மை வந்துவிடாது என்பதும் காஞ்சிபுரத்துக்குத் தெரியும். தறியே இல்லாதவர் நெசவாளர் சங்கத்தில் உறுப்பினர், விற்காமல் தேங்கிய சேலைகள், இழுபடும் கூலி என்ற புகார்கள் பழையவை. ரைஃபைசன் சம்பளமில்லாத நிர்வாகியையும் சிறிய பரப்பையும் ஏன் வலியுறுத்தினார் என்பது அவற்றைக் கேட்கும்போது விளங்கும்.

கடனிலிருந்து கூலிக்கு வருவோம். பிரியதர்ஷன் இயக்கிய காஞ்சிவரம் திரைப்படத்தில், மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை தருவதாக வாக்குக் கொடுத்த நெசவாளி, வேலை செய்யும் இடத்திலிருந்து பட்டிழையை வாயில் மறைத்துத் திருடி வருகிறான். அந்தப் பாத்திரத்தில் நடித்த பிரகாஷ்ராஜ் தேசிய விருது பெற்றார். களவு பாவமா என்று கேட்டால் பாவம்தான். பத்துக் கட்டளையில் இருக்கிறது. பசிக்காகத் திருடினவனை யாரும் இகழ மாட்டார்கள் என்று நீதிமொழிகள் சொல்கிறது, ஆனாலும் பிடிபட்டால் ஏழு மடங்கு ஈடு கட்ட வேண்டும் என்று அடுத்த வரியிலேயே சேர்க்கிறது. ஆனால் யாக்கோபின் நிருபம் இன்னொருவரையும் கூண்டில் ஏற்றுகிறது. பிடித்து வைத்த கூலியே கூச்சலிடுகிறது, அந்தக் கூச்சல் தேவனுடைய செவியில் எட்டிவிட்டது என்கிறது. ஆயுள் முழுக்கப் பட்டு நெய்தவன் ஒரு பட்டுச் சேலை வாங்க முடியாமல் போனான் என்றால், இழையைத் திருடிய கையை விசாரிக்குமுன் கூலி நிர்ணயித்த கையை விசாரிக்க வேண்டும். வேதத்தின் வரிசை அதுதான்.

கூலியை நிர்ணயிப்பதில் வாங்குபவர்களுக்கும் பங்குண்டு. தமிழ்க் கிறிஸ்தவக் கல்யாணம் காஞ்சிபுரம் இல்லாமல் நடப்பதில்லை. ஆலயத்தில் மணமகளுக்கு வெள்ளை அல்லது சந்தன நிறப் பட்டு, மாலை வரவேற்புக்கு அரக்கோ பச்சையோ. குடும்பமாக வேன் பிடித்து வந்து, கடைக்குக் கடை ஏறி இறங்கி, ஆயிரம் ரெண்டாயிரம் குறைத்துவிட்டதைச் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்கிறோம். குறைந்த தொகை பெரும்பாலும் கடைக்காரரின் லாபத்தில் குறைவதில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் போய்க் குறையும். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்குக் கைத்தறி முத்திரை இருக்கின்றன. குறிப்பிட்ட வகைச் சேலைகளை விசைத்தறியில் நெய்யக் கூடாதென்று 1985ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் விசைத்தறிச் சேலை கைத்தறியாகிறது, செம்புக் கம்பி வெள்ளி ஜரிகையாகிறது. பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு எடைக்கற்கள் வைத்திருக்காதே என்று உபாகமம் சொன்னது இந்தக் கடைகளுக்கும் பொருந்தும். வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. இது கைத்தறிதானா, ஜரிகை பரிசோதித்ததா, பில்லில் அதை எழுதித் தருவீர்களா? நெய்தவருக்குக் கூலி எவ்வளவு போயிற்று என்றும் கேட்கலாம். கடைக்காரர் முதலில் திகைப்பார். பத்துப் பேர் கேட்டால் பதிலைத் தயாராக வைத்திருப்பார்.

அந்தக் கல்யாணத்துக்கே கடன் வாங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். வரதட்சணை 1961 முதல் சட்டப்படி குற்றம். ஆனாலும் ஆலயத்தில் வாசிக்கும் திருமண அறிவிப்பு ஓலையை எழுதுவதற்கு முன் பேசி முடிக்கப்படும் பவுன் கணக்கு போதகருக்கும் தெரியும், சபையாருக்கும் தெரியும். மணமகன் வீட்டார் கேட்டதற்காக மணமகள் வீட்டார் நிலத்தை விற்றிருந்தால், மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கையில் எழுந்து தடை சொல்ல அதுவே போதுமான காரணம். இதுவரை யாரும் சொல்லக் காணோம்.

ஆசை என்ற இன்னொரு வாசலும் இருக்கிறது. ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் முதலீட்டுக்கு மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொல்லி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடமிருந்து 2,400 கோடி ரூபாய்க்கும் மேல் திரட்டியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022இல் வழக்குப் போட்டது. வட தமிழகத்தில் இந்த வகை நிறுவனங்களில் நகையை அடகு வைத்துப் பணம் போட்டவர்கள் பலர். மாதம் 30 சதவீதம் எந்த நேர்மையான தொழிலிலும் கிடைக்காது. வந்தால் அது இன்னொருவர் போட்ட முதல். இதை ஏமாந்தவர்களைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. காணிக்கை போட்டால் நூறு மடங்கு திரும்பி வரும் என்று முழங்கும் மேடைகள், நம் மக்களை இந்தக் கணக்குக்கு ஏற்கெனவே பழக்கிவிட்டிருக்கின்றன என்பதற்காகச் சொல்கிறோம். தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைத் தேவனுக்கென்று ஒதுக்கிவிட்டேன் என்று சொல்லிக் கைகழுவியவர்களை மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு கடிந்துகொண்டார். பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தைக் காணிக்கைப் பையில் போடச் சொல்லி மேடையிலிருந்து வற்புறுத்துபவர் அந்தப் பகுதியை எப்படி வாசிக்கிறாரோ தெரியவில்லை.

அப்படியானால் கந்துவட்டி வாங்கியவர் மனந்திரும்பினால் என்ன செய்ய வேண்டும்? சகேயு செய்ததைச் செய்யலாம். இயேசு வீட்டுக்கு வந்ததும் அவன் பாட்டுப் பாடவில்லை, எண்களைச் சொன்னான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலு மடங்காகத் திரும்ப. அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற வார்த்தை வருகிறது. வட்டியில் வந்த பணத்துக்குத் தசமபாகம் செலுத்தி நிம்மதி தேடுபவரிடம், அந்தப் பத்தில் ஒன்றை மட்டுமல்ல, வாங்கிய இடத்துக்கே மொத்தத்தையும் கொண்டுபோகச் சொல்லும் துணிச்சல் போதகருக்கு வேண்டும். சபைக்கு வருமானம் குறையும். குறையட்டும்.

காஞ்சிபுரத்துச் சபைகளும் பங்குகளும் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தோடு இதை நிறுத்தலாம். இருபது குடும்பங்கள், மாதம் ஆளுக்கு 500 ரூபாய். ஓராண்டில் 1,20,000 ரூபாய் சேரும். சுய உதவிக் குழு முறையிலேயே தொடங்கலாம். நபார்டு 1992இல் தொடங்கிவைத்த வங்கி இணைப்பு இன்றும் இருக்கிறது. இந்தத் தொகையில் மழைக்கால இரண்டு மாதங்களுக்குச் சில நெசவுக் குடும்பங்களின் அடுப்பு எரியும். அவர்கள் முன்பணத்துக்காகத் திண்ணை ஏற வேண்டியதில்லை. உறுப்பினராகத் தெருவில் உள்ள எல்லோரையும் சேர்க்க வேண்டும், ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கக் கூடாது. வெற்றுக் காசோலை, ஏடிஎம் அட்டை, ரேஷன் கார்டு எதையும் வாங்கி வைக்கக் கூடாது. மாதம் ஒருமுறை கணக்கை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிக்க வேண்டும். போதகரோ பங்குத்தந்தையோ இதற்குப் பொருளாளராக இருக்க வேண்டாம். தவணை கட்ட முடியாத மாதத்திலும் அந்தக் குடும்பம் கூசாமல் போய் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டுமே.